பிரிக்காத பெட்டியும் எத்திராஜின் குரலும்

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியை ஜெயலக்ஷ்மி அவர்களே, 'கழட்டிப் பார்ப்போம்' கம்ப்யூட்டர் குழுவின் நிர்வாகிகளே, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடித்த கையோடு கம்பெனி வண்டியில் வந்து இறங்கியிருக்கிற பிள்ளைகளே, எங்கள் மர்பி டவுன் சனங்களே, முன்வரிசையில் மடியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரத்தினம்மா, உங்கள் எல்லாருக்கும் பிரிஜெட்டின் வணக்கம்.

முதலில் என் வீட்டுப் பெருமையைப் பேசிவிடுகிறேன். இரங்கல் கூட்டத்தில் இந்தக் கிழவிக்கு இது எதற்கு என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

என் பேத்தி ஜோவிதா கன்னடப் பாடத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள். இன்ஜினியரிங் முடித்தாள். மனிதர்கள் பேசுகிற மாதிரி கம்ப்யூட்டரைப் பேசப் பழக்குகிற கம்பெனியில் இருக்கிறாள். வருஷக் கடைசியில் மேடையில் ஏற்றி அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். என் பேரன் டிரேவர் கேம் போட்டியில் ஜெயித்து வாங்கிய கோப்பை எங்கள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. பால்காரர் முதல் சர்ச்சுப் பங்குச் சாமியார் வரை வீட்டுக்குள் வந்த எல்லாருக்கும் அதைக் காட்டியிருக்கிறேன். எத்திராஜின் சேனலுக்கு வீடியோ வெட்டி ஒட்டுவதெல்லாம் டிரேவர்தான். இவர்கள் போகிற இடத்திலிருந்தெல்லாம் 'புது போட்டோ போடுங்க' என்று குடும்பக் குரூப்பில் கேட்டுக்கொண்டே இருப்பவள் நான்.

போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் விடப் பெரிய வெற்றி ஒன்றைச் சாதித்தார்கள். செத்துப்போன எத்திராஜைப் பேச வைத்தார்கள்!

கைதட்டுங்கள்! ஏன் ஒருவரும் தட்டவில்லை? அந்த வீடியோவுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் இதயம் போட்டீர்களே, இப்போது ஏன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்?

எத்திராஜ் யார் என்று தெரியாமல் வந்தவர்களும் இங்கே இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். எத்திராஜும் அவன் அம்மா ரத்தினம்மாவும் என் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள். கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர், ஃபோன், கேம் எல்லாவற்றையும் சோதித்து, நல்லது கெட்டதைத் தமிழில் சொல்லி வீடியோ போடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் மொட்டை மாடியில் இந்தக் குழுவே கூடும். எந்த கிராஃபிக்ஸ் கார்டு உசத்தி, எந்த சிப் சூடாகிறது என்று நீங்கள் போடுகிற சண்டையில் என் காக்கா கூட வடாம் தின்ன வராது. அப்படி இருந்தவன் போன மாதம் ஆபீஸ் வாசலில் வண்டிக்குக் காத்து நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை.

அவன் வேலை செய்த விதம் எனக்குத் தெரியும். ஏனென்றால் அவனுடைய சோதனைக்கூடம் என் சமையலறை! புது லேப்டாப் வந்தால் என் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பான். அதில் கேம் ஓடும். இந்தப் பக்கம் என் குழம்பு கொதிக்கும்.

"ஏன்டா எத்தி, இதுக்கு ஏசி ரூம் கிடைக்கலையா?" என்று கேட்பேன்.

"பிரிஜெட்டம்மா, கம்பெனிக்காரன் ஏசி ரூம்ல ஓட்டிப் பார்த்துட்டு ஜில்லுனு இருக்குன்னு சொல்றான். வாங்குறவன் வீட்ல மேல தகரம், பக்கத்துல அடுப்பு. இங்க தாங்குனாத்தான் நான் நல்லா இருக்குன்னு சொல்வேன். நீங்க தாளிங்க."

கடுகு தெறித்து ஒரு கீபோர்டே போயிருக்கிறது. அதையும் வீடியோவில் சொன்னான், தப்பு கீபோர்டின் மேல் இல்லை, கடுகின் மேல் என்று.

ஒருமுறை ஏதோ ஒரு லேப்டாப்பின் ஃபேன் பேய் மாதிரி கத்துகிறது என்று கிழித்துத் தொங்கப் போட்டு வீடியோ வெளியிட்டான். எல்லாரும் ஆகா ஓகோ என்றீர்கள். மறுநாள் லேப்டாப்பை மூடி வைத்த பிறகும் அந்தச் சத்தம் வந்தது. அது அடுத்த வீட்டு கிரைண்டர்! வேறு ஒருவனாக இருந்தால் சத்தம் போடாமல் இருந்திருப்பான். எத்திராஜ் என்ன செய்தான்? அந்த வீடியோவை எடுத்துவிட்டு, கிரைண்டர் முன்னால் நின்று புது வீடியோ போட்டான். "கத்துனது இது. லேப்டாப் மேல பழி போட்டது நான். மன்னிச்சிடுங்க." அன்றிலிருந்து நீங்கள் அவனைக் கிரைண்டர் எத்திராஜ் என்று கேலி செய்தீர்கள். அவன் அந்தக் கேலியையே எடுத்துப் பட்டமாக வைத்துக்கொண்டான். 'வணக்கம் மக்களே, கிரைண்டர் எத்திராஜ் பேசுறேன்' என்றுதான் ஒவ்வொரு வீடியோவையும் ஆரம்பித்தான்.

பொய் சொல்லத் தெரியாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு வாடகைக்கும் ரத்தினம்மாவின் மாத்திரைக்கும் நடுவில் எத்தனையோ பொய் சொல்லியிருப்பான். ஆனால் தொடாத பொருளைப் பற்றி வாய் திறந்ததில்லை. பரத், நீ அங்கே கதவோரம் நிற்கிறாயே, நீயே சாட்சி. புது கிராஃபிக்ஸ் கார்டு வருகிறது என்று செய்தி வந்த அன்று மாடியில் எப்படிக் குதித்தாய்!

"எத்தி அண்ணா, எல்லா சேனல்லயும் பேசிட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"ரெண்டு வார்த்தை எதுக்கு? ஒரு வார்த்தை போதும். தெரியாது."

"அய்யோ, லீக்கான ஸ்பீடு கணக்கெல்லாம் இருக்கே அண்ணா!"

"கணக்கு உன்கிட்ட இருக்கு. கார்டு யார்கிட்ட இருக்கு? கைக்கு வரட்டும், கழட்டிப் பார்ப்போம்."

இத்தனை விஷயம் தெரிந்தவன் அதிகமாகச் சொன்ன சொல் 'தெரியாது.' அது வெட்கமா? அதுதான் அவனுடைய மானம்! மெமரியைப் பலகையோடு ஒட்டி வைத்து, ஒன்று கெட்டால் மொத்தத்தையும் தூக்கிப் போடு என்கிற கம்பெனிகளைத் திட்டினான். பாதி வேகாத கேமை விற்றுவிட்டு மீதியை அப்புறம் அனுப்புகிறேன் என்கிறவர்களைத் திட்டினான். நேற்று வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டரை அப்டேட் போட்டு நொண்டியாக்குகிறவர்களைத் திட்டினான். கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திட்டினான்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். சாவுக் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் என் வாசலில் கூரியர் பையன் வந்து நின்றான். "எத்திராஜ் அவரு இதாராம்மா?" என்று கன்னடத்தில் கேட்டான். இருக்கிறாரா என்று கேட்கிறான்! என்ன சொல்வேன்? நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு கம்பெனி புதிதாக இறக்கியிருக்கிற கேமிங் லேப்டாப். அந்தப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மேலே ஒட்டின டேப்பைக் கூட யாரும் கிழிக்கவில்லை.

ஆனால் அந்த வாரமே சேனலில் வீடியோ வந்துவிட்டது! 'வணக்கம் மக்களே, கிரைண்டர் எத்திராஜ் பேசுறேன்.' அதே கரகரப்பு. மூச்சு வாங்குகிற இடத்தில் அதே மூச்சு. லேப்டாப் பிரமாதம், சூடே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேசுகிறது. பெட்டியைப் பிரிக்காமலே எப்படிக் கழட்டிப் பார்த்தான்? எந்த அடுப்புப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்? கல்லறைக்குள் கேம் ஆடினானா? கம்பெனி எழுதி அனுப்பிய வாசகத்தை அவன் குரலில் ஊற்றிவிட்டு, அதற்கு 'அஞ்சலி' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்!

அதைப் பார்த்து நீங்கள் சிலிர்த்துப் போனீர்கள். ரத்தினம்மாவுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெண் அனுஷா பாவம், விவரம் தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த வீடியோவை ஓட விட்டாள். உள்ளே துணி அலசிக்கொண்டிருந்த ரத்தினம்மா சோப்புக் கையோடு ஓடி வந்தாள். "எத்தி, எப்படா வந்தே? சாப்ட்டியா?" என்று கேட்டாள். படிக்கட்டில் அனுஷாவும் அவள் கையில் ஃபோனும்தான் இருந்தன. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவள் மகன் செத்ததை மறந்தாள். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்து அழுதாள். எடுத்த பிணத்தை மறுபடியும் அவள் வாசலில் கொண்டுவந்து இறக்கினீர்களே, உங்களுக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தது?

டிரேவரிடம் கேட்டேன். "ஆயா, அவரே சம்மதிச்சுத்தான் ஜோவிகிட்ட குரல் குடுத்தாரு" என்கிறான். கொடுத்தான், உண்மைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஜோவிதா அவள் கம்பெனி சாமானைச் சோதிக்கக் கேட்டாள், அவன் பக்கம் பக்கமாக வாசித்துக் கொடுத்தான். அது அவன் குரலில் திரும்பப் பேசியபோது குழந்தை மாதிரி சிரித்தான். அப்புறம் அதனிடம் இன்னும் கடைக்கே வராத ஒரு ஃபோனைப் பற்றிக் கேட்டான். அது மூச்சு விடாமல் பதில் சொன்னது. சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"குரல் என்னோடதுதான் ஜோவி. ஆனா இதுக்குத் தெரியாதுன்னு சொல்ல வரலையே. அப்ப இது நான் இல்ல."

அன்றைக்கு அவன் சொன்ன தீர்ப்பு அது. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது! கேட்டாயா இல்லையா ஜோவிதா? தலையைக் குனியாதே, என்னைப் பார். நீ ஊருக்கெல்லாம் கெட்டிக்காரியாக இருக்கலாம். ஒருவன் 'இது நான் இல்லை' என்று சொன்ன பிறகு, அவன் எழுந்து வந்து மறுக்க முடியாத சமயம் பார்த்து, அவன்தான் என்று ஊரை நம்ப வைத்தாயே, இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம்?

இன்னொன்று. எனக்குப் பின்னால் மாட்டியிருக்கிற பெரிய படத்தை எல்லாரும் நன்றாகப் பாருங்கள். யார் இது? பல்வரிசை பளபளக்கிறது. எத்திராஜுக்கு முன்பல் ஓரம் உடைந்திருக்கும். ஏன் உடைந்தது? மெமரி கார்டு வந்த பிளாஸ்டிக் உறையைக் கத்தரிக்கோல் தேடப் பொறுமை இல்லாமல் பல்லால் கடித்துப் பிய்த்தான்! பெட்டி வந்தால் பல்லை உடைத்துக்கொண்டாவது உடனே திறக்கிறவன் அவன். அந்தப் பல்லையும் சாஃப்ட்வேர் போட்டுச் சரி பண்ணிவிட்டீர்கள், திறக்காத பெட்டிக்கு அவனையே சாட்சியும் ஆக்கிவிட்டீர்கள். ரத்தினம்மா வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்த படத்தை வாசலிலேயே வேண்டாம் என்றீர்களாமே! "பிக்சல் உடையுது ஆன்ட்டி, மேடைல நல்லா இருக்காது" என்றீர்களாமே! உடைந்தால் உடையட்டும். பெற்றவளுக்கு அடையாளம் தெரிகிறதல்லவா?

ஜோவிதா, டிரேவர், இனிமேல் குடும்பக் குரூப்பில் புது போட்டோ போடச் சொல்லி நான் கேட்க மாட்டேன். இந்தப் பல்லைப் பார்த்த பிறகு எதை நம்பிக் கேட்பேன்? எனக்கு உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நேரில் வாருங்கள்.

அவன் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லாரும் உறுதிமொழி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியை வெளியே எடுப்போம். மாடியில் எல்லாரும் பார்க்க டேப்பைக் கிழிப்போம். என் அடுப்புப் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். நான் தாளிக்கிறேன். அடுத்த வீட்டு கிரைண்டரையும் போடச் சொல்கிறேன். லேப்டாப் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், நான் ஏன் தடுக்கப் போகிறேன்? ஆனால் டிரேவர் பேசினால் டிரேவரின் குரலில் பேசட்டும். பரத் பேசினால் பரத்தின் முகத்தோடு பேசட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் துணிச்சல் இல்லாதவர்கள் எத்திராஜின் பெயரை எடுக்க வேண்டாம். என் மாடிப்படியிலும் ஏற வேண்டாம்.

தலைவர் அம்மா மணியைப் பார்க்கிறார்கள். மன்னிக்க வேண்டும் ஜெயலக்ஷ்மி அம்மா, நான் இப்போது இறங்குவதாக இல்லை.

டிரேவர், எழுந்து வா. உன் பாட்டியாகக் கூப்பிடவில்லை, அவன் செத்த அன்று ரத்தினம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளாகக் கூப்பிடுகிறேன். முதலில் அவள் மடியில் இருக்கிற படத்தை இரண்டு கையாலும் வாங்கி இந்த மேசை மேல் வை. அப்புறம் உன் ஃபோனை எடு. அந்த வீடியோவை இங்கேயே, இவள் கண் முன்னாலேயே அழி. அது போன பிறகுதான் எத்திராஜுக்கு நாம் எழுந்து நின்று மௌனம் காப்போம். அந்தக் குரல் அங்கே பேசிக்கொண்டே இருக்கும்போது இங்கே மௌனம் எப்படி வரும்?

வா. நான் மைக்கை விடவில்லை, காத்துக்கொண்டிருக்கிறேன்.