கடலூர்ல ஏது மலை?

ஏட்டு: நில்லுய்யா! அந்தக் குழாய்க்குள்ள இன்னா?

காசிநாதன்: மேப்புங்க அய்யா. ரொம்பப் பழசு. வெள்ளக்காரன் மொதமொதல்ல வந்து குந்துனப்ப கடலூர்ல கட்டுன கோட்டை. கேப்டன் ஹார்வின்னு ஒருத்தன் வரைஞ்சது...

ஏட்டு: இட ஒதுக்கீடு கேட்டு மறியல்னு, ரோட்ல ஒரு புளியமரத்த வுட்டு வெக்கல. எல்லாத்தயும் வெட்டிப் போட்டுட்டானுங்க. நீ இன்னாடான்னா மேப்பு தூக்கிகினு நடந்து வர்ற?

காசிநாதன்: பஸ்ஸு ஓடலீங்களே... கள்ளக்குறிச்சில பழைய சாமான் யாவாரி ஆதிமூலம் இருக்காரு. அவருக்குக் குடுக்கணும்.

ஏட்டு: பிரி, பாப்பம். இது கடலு... சரி. இது இன்னா, மலையா?

காசிநாதன்: ஆமாங்க...

ஏட்டு: கடலூர்ல ஏதுய்யா மலை? இது நம்ம கல்வராயன் மலை!

காசிநாதன்: அது வந்து... அந்தக் காலத்துல இருந்திருக்கும்...

ஏட்டு: மலை நம்மளுது. அப்ப ரோடும் நம்மளுது. இந்தப் பச்சப் புள்ளிங்க?

காசிநாதன்: தென்னந்தோப்புங்க.

ஏட்டு: வெட்ட வேண்டிய மரம்! ஏறு ஜீப்புல... ச்சே, ஜீப்பும் போவாது. நட ஸ்டேஷனுக்கு!

காசிநாதன்: அய்யா, அய்யா! புள்ளகுட்டிக்காரன்ங்க! நெசத்தச் சொல்லிட்றேன். ஹார்வியும் இல்ல, ஒருத்தனும் இல்ல. நாந்தான் வரைஞ்சேன். டீத்தண்ணில முக்கி, அடுப்புப் பொகையில காட்டி...

ஏட்டு: அப்ப மலை?

காசிநாதன்: எடம் காலியா இருந்திச்சிங்க. எலவனாசூர்கோட்டைல போர்டு எழுதறவன் நானு. சலூன் போர்டுன்னாலும் பின்னால ஒரு மலை போட்டாத்தான் எனக்குத் திருப்தி.

ஏட்டு: வரைஞ்சது நீதான்னு உன் வாயாலயே ஒத்துகினே. அப்ப மரம் வெட்ட பிளான் போட்டதும் நீதான்!

காசிநாதன்: அந்த மூலையப் பாருங்க... “காசி ஆர்ட்ஸ், எலவனாசூர்கோட்டை.” மரம் வெட்டறவன் பேரும் ஊரும் எழுதி வெப்பானா?

ஏட்டு: ஹார்வி மேப்புல உம்பேரா?

காசிநாதன்: பழக்க தோசங்க. வேல முடிஞ்சா கை தானாப் போட்டுடுது. ஆதிமூலம் திட்டிகினே அந்த மூலையக் கிழிச்சிடுவாரு. எலி கடிச்சிட்சின்னு சொல்லி வித்துடுவாரு.

ஏட்டு: இன்னா கடிச்சிட்சின்னு?

காசிநாதன்: இன்னாங்க அய்யா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்சி?

ஏட்டு: எலியா?

காசிநாதன்: ஆமாங்க. வாங்கறவனுங்க அதயும் நம்புறானுங்களாம்.

ஏட்டு: பாவி! தரங்கம்பாடிக் கோட்டை மேப்புன்னு, எம் பொண்டாட்டி காதுத் தோட்ட வித்து வாங்கி ஹால்ல மாட்டியிருக்கேன்டா! மிச்சத்தயும் கடிச்சிடப் போவுதுன்னு ஒரு வருசமா வூடு பூரா எலிப்பொறி வெச்சிகினு கெடக்கறேன்!