சாரல் அறையில் கெமிஸ்டை அடைத்தது பற்றி

பெயர் இருளாயி, வயது 34, கணவர் பெயர் காளை, சொந்த ஊர் உசிலம்பட்டி, தற்போது குடியிருப்பது ஆனையூர். 1983 ஜூன் மாதம் காவல் நிலையத்தில் விசாரித்தபோது சொன்னதாவது:

நான் வண்டியூர் பக்கமுள்ள நூற்பாலையில் வேலை செய்து வருகிறேன். என் தங்கை ரெங்கம்மாளும் அங்கேதான் வேலை செய்தாள். வெக்கையில் நூல் அறுந்துபோகும் என்பதால், பின்புறத் தொட்டித் தண்ணீரை ஓர் அறையில் சாரலாக அடித்து, அந்த ஈரக் காற்றை எங்கள் பகுதிக்குள் விடுவார்கள். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதிப்பது கெமிஸ்ட் சுப்பராமனின் வேலை.

சித்திரையில் காற்றில் பாசி நாற்றம் அடித்தது. அதன் பிறகு காற்று வரும் வழிக்கு நேரே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். ரெங்கம்மாளும் படுத்தாள். நான் சுப்பராமனிடம் போய், "தண்ணியில ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லே, சுத்தமான தண்ணி" என்றார். அதை நம்பி, காய்ச்சல் விட்டதும் அவளை நானே வேலைக்குக் கூட்டிப்போனேன். அதன் பிறகு மறுபடி படுத்தவள் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் பிள்ளை இன்னும் பால் குடி மறக்கவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று, சுப்பராமன் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரல் அறைக்குத் தண்ணீர் பிடிக்க வந்தார். "சுத்தமான தண்ணிக்கு எதுக்கு சார் மூக்கக் கட்டுறீக?" என்று கேட்டேன். "உன் வேலையப் பாரு" என்றார். அதன் பிறகு நான் கைக்குட்டையைப் பிடுங்கி, அவரை உள்ளே தள்ளி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அடிக்கவில்லை.

மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். மேனேஜரும் வந்தார். உள்ளேயிருந்து சுப்பராமன் கதவைத் தட்டி, "தொறங்கோ! தண்ணி பூரா கிருமி! நெஞ்சுக்குள்ள போயிடும்! மேனேஜர்ட்ட அப்பவே சொன்னேன், வெளிய சொல்லாதேன்னுட்டார்!" என்று கத்தினார். அத்தனை பேரும் கேட்டார்கள். அதன் பிறகு மேனேஜர் யார் முகத்தையும் பார்க்காமல் போய்ச் சாரல் மோட்டாரை நிறுத்தினார். மோட்டார் நின்ற பிறகு தாழ்ப்பாளை நானே எடுத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் மில்காரர்கள் புகாரைத் திரும்பப் பெறுவார்கள் என்று இங்கே சொல்லப்பட்டது. கேட்க மாட்டேன்.

இதை எழுதிய ஏட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசியில் "என் செயலுக்கு வருந்துகிறேன்" என்று அவராகவே சேர்த்திருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த வரியை அடித்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அடித்துவிட்டார். மற்றபடி இதிலுள்ள அனைத்தும் நான் சொன்னதே, உண்மையே.

(ஒப்பம்) கா. இருளாயி