டாக்டரம்மாவின் இதயத்தில் புகுந்த கிருமி

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, மூத்த மருத்துவர்களே, செவிலியர்களே, ஆய்வகத் தோழர்களே, இடமில்லாமல் கதவருகே நிற்கும் வார்டு ஊழியர்களே, முதல் வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவரே, மகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் இதய அறுவை மருத்துவன். பேசிப் பழக்கமில்லாதவன். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கிருமி ஆய்வகத்தின் தலைவர், நம் டாக்டரம்மா போய்விட்டார். நோயாளிகளில் பலர் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நமக்கோ அவர் 'பாட்டில் அம்மா'. சந்தேகம் வந்துவிட்டால், கிருமி வளர்கிறதா என்று பார்க்க இன்னொரு பாட்டில் இரத்தம் அனுப்பச் சொல்லி விடாமல் ஃபோன் செய்வார். "இந்தம்மா எப்பப் பாத்தாலும் பாட்டில் பாட்டில்னு கேக்குறாங்களே, வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்லையா?" என்று புதிதாக வந்த காவலாளி என்னிடமே கேட்டார். அதை அம்மாவிடம் சொன்னபோது எப்படிச் சிரித்தார்!

இரண்டாம் வரிசையில் ரொட்டிக்கடை அக்கா உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை விடாத காய்ச்சலோடு வந்தார். அவர் இரத்தத்தில் ஒரு தோல் கிருமி வளர்ந்தது. "ஊசி குத்தும்போது ஒட்டியிருக்கும் மேடம், விட்டுடலாம்" என்றார் வார்டு மருத்துவர் ஃபோனில். அம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஒட்டியிருக்கலாம்ப்பா. ஆனா எந்தத் தோல் கிருமின்னு பாத்தியா? அந்தக் குடும்பத்துல மத்ததெல்லாம் சாது. இது ஒண்ணுதான் கொலைகாரன். இன்னொரு பாட்டில் எடு."

எடுத்தோம். மறுபடியும் அதுவே வளர்ந்தது. ஸ்கேனில் பார்த்தால், இதய வால்வில் கிருமிக்கட்டி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது! நான் நெஞ்சைத் திறந்தபோது வால்வு நனைந்த காகிதம்போலப் பிய்ந்து வந்தது. அக்கா பிழைத்தார். பிழைக்க வைத்தவர் யார்? நானா? இல்லை, அம்மா!

அந்தக் கிருமிதான், அன்பர்களே, அதே வகைக் கிருமிதான் நம் அம்மாவைக் கொண்டுபோனது!

அம்மாவுக்குத் தொடையிடுக்கில் ஒரு சின்னக் கட்டி. உங்களுக்கும் எனக்கும் வருகிற கட்டிதான். காய்ச்சல் கண்டதும் அம்மா தாமதிக்கவில்லை. கையை நீட்டி இரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாப் பாட்டிலிலும் வளர்ந்தது. தன் இரத்தத்தில் வளர்ந்ததைத் தானே நுண்ணோக்கியில் பார்த்தார். ஸ்கேனில் அவர் வால்விலும் கிருமிக்கட்டி தெரிந்தது. பிறகு என்னை அழைத்தார். அந்தக் குரல் நடுங்கி அதற்குமுன் நான் கேட்டதேயில்லை.

"தம்பி, எனக்குப் பயமா இருக்குப்பா. மருந்துக்கு இது அடங்கிடும், தெரியும். அடங்குறதுக்குள்ள வால்வைத் தின்னுடும். காத்திருக்காத, மாத்திடு."

வெளியே வந்தேன். அவர் கணவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கும் அசராதவங்க அவ. அவளே பயந்துட்டா, நான் என்ன பண்றது டாக்டர்?"

மருந்து ஏறியது. அறுவை அரங்கு தயாரானது. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகளிடம், "சாப்பிட்டியாடி? உங்கப்பாவையும்..." என்றவரின் வாய் கோணியது. வால்விலிருந்த கிருமிக்கட்டியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போய்விட்டது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

யாருடைய தவறு? நானும் தேடித்தேடிப் பார்த்துவிட்டேன். ஆய்வகம் பிந்தவில்லை. மருந்து தப்பவில்லை. நாங்கள் ஒதுங்கி நிற்கவில்லை. யாராவது தவறு செய்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்! எல்லாம் சரியாக நடந்தும் இறந்தாரே! அதுதான் என்னை உலுக்குகிறது. இப்போதெல்லாம் குளிக்கும்போது என் தோலைத் தடவிப் பார்க்கிறேன். என் மகன் முழங்காலில் பரு வந்தால் எனக்கு வியர்க்கிறது. இங்கே எத்தனை பேர் அப்படி? தலையசைக்கிறீர்கள்; தெரிகிறது.

ஆனாலும், தோழர்களே, பயந்தபடியே இந்த வேலையைச் செய்வோம். 'வெறும் தோல் கிருமி' என்று பெயர் பார்க்காமல் ஒதுக்கும் வழக்கம் இனி இந்தக் கட்டடத்தில் இருக்காது. அம்மாவுக்கு நாம் கொடுக்கும் வாக்கு இது!

கடைசிவரை இங்கே இருக்க என்னால் முடியாது, மன்னியுங்கள். மேல்மாடியில் ஒரு வெல்டர் படுத்திருக்கிறார். அவர் வால்விலும் இதே கிருமி. அவர் மனைவி சற்றுமுன் என்னை நிறுத்திக் கேட்டார்: "டாக்டர், உங்களுக்குப் பயம் இல்லைல்ல?"

"இருக்கும்மா. அதனாலதான் ஆபரேஷனை நாளைக்குன்னு தள்ளல."

அங்கேதான் போகிறேன். வணக்கம்.