அருவி வரிசையில் ஒரு போன்

குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் வரிசை நகரவே இல்லை. இடுப்பில் மகள் நழுவ, துண்டு எடுத்து வந்தோமா என்று மறுபடியும் பையைத் துழாவினேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, போனும் கையுமாக நின்ற தன் மகளிடம் எரிந்து விழுந்தார்.

“ஏட்டி, குளிக்க வந்த இடத்துலயும் போனா?”

“ஸ்டார்ட்அப் கம்பெனிம்மா. மொத்தமே அஞ்சு பேரு. ஆப் நின்னா நான்தான் பாக்கணும்.”

“ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் லீவு குடுத்திருக்காங்க. பேசாம பெரிய கம்பெனிக்குப் போயேன்.”

“அங்கன நான் வரலேன்னா ஒருத்தருக்கும் தெரியாதும்மா.”

ஒருவழியாக வரிசை நகர்ந்தது. அருவியை நெருங்கியதும் அந்த அம்மா கையை நீட்டினார்.

“போனைக் கொண்டா இங்க. நீ போய்க் குளி. எவனாவது கூப்பிட்டா, ஆப் நின்னா நிக்கட்டும், பிள்ள குளிக்குதுன்னு நான் சொல்லுதேன்.”