சம்பந்தி மடியில் ரசம்

சிங்கவரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும், என் காது முன் சீட்டுப் பெண்கள் இருவரிடம்தான் இருந்தது.

"என் பொண்ணு கல்யாணத்துல, எங்க இலையில ஊத்தின ரசம் சம்பந்தியம்மா மடியில போய் விழுந்துச்சுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"அந்த மண்டபம் முன்ன நாடகத் தியேட்டராச்சே. கடைசி வரிசைக்கும் மேடை தெரியணும்னு தூணே வெக்காம, தரைய சரிவா கட்டியிருக்காங்க. அதுமேலயே டேபிள நீட்டுவாக்குல போட்டுட்டாங்க. நாங்க மேல, மாப்ள வீடு கீழ. ஊத்த ஊத்த ஓடுது."

"பட்டுப் பொடவையா?"

"பின்ன?"

"கோச்சிக்கலியா?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்கக்கா. வளைகாப்பும் அங்கயேதான் வெக்கணுமாம். அன்னிக்கு மேல் பக்கம் அவங்களுக்காம்!"