ஈரான் என்று எழுதியவன்

சீலா மீனைத் துண்டு போடும்போது கத்தியை அமுக்கக் கூடாது ஐயா, இழுக்க வேண்டும். அமுக்கினால் சதை நைந்துவிடும். அன்றைக்கும் பாளையங்கோட்டையில் என் தங்கை முத்துராணி வீட்டு அடுக்களையில் பக்குவமாகத்தான் அறுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை. அவள் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள்.

நான் ஈரானில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவன். அமெரிக்கத் தடையால் அங்கிருந்து எந்த வங்கியிலும் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. முதலாளி சம்பளத்தைக் கிரிப்டோவாகத்தான் தந்தார். ஈரானில் இருப்பவனுக்கு, கிரிப்டோவைக் காசாக்கித் தரும் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் கணக்கும் கிடைக்காது. அதனால் தங்கை புருஷன் சூசை பெயரில் கணக்குத் தொடங்கி எல்லாவற்றையும் அதில் போட்டேன். கூடங்குளம் பக்கம் சொந்தமாக ஒரு வள்ளம் வாங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

நான் ஊர் திரும்பிய வாரம், இது எங்கிருந்து வந்த பணம் என்று எக்ஸ்சேஞ்சில் சூசையைக் கேட்டார்கள். துபாய் என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. அப்போது தவக்காலம். மற்றவர்கள் கறியை விடுவார்கள். சூசை பொய்யை விட்டிருந்தான். ஈரான் என்று எழுதிவிட்டான். கணக்கை முடக்கிவிட்டார்கள்.

நான் கோபப்படவில்லை. இன்னொரு வாய்ப்பு இருந்தது. கணக்குக்காரன் போனில் முகத்தைக் காட்டினால் பதிலைத் திருத்தி எழுதலாம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு அதுவும் முடிகிறது.

"நீ மூஞ்சியக் காட்டு, போதும். மிச்சத்த நான் எழுதுதேன்" என்றேன், அடுக்களையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூசையிடம்.

"அதுவும் பொய்தானே மச்சான். ஈஸ்டர் முடியட்டும், எத்தன பொய் வேணும்னாலும் சொல்லுதேன்" என்று சிரித்தான்.

"இன்னைக்கு விட்டா எல்லாம் போச்சுலே."

"போனாப் போவுது. உழைச்சா வராதா?"

அதை என்னைப் பார்த்துச் சொன்னான். கத்தி கையில்தான் இருந்தது. அவன் கழுத்தில் வைத்து இழுத்தேன். அமுக்கவில்லை. மீன் ரத்தமும் அவன் ரத்தமும் ஒன்றாக ஓடிச் சாக்கடையில் இறங்கின. கால்கள் கொஞ்ச நேரம் தரையை உதைத்தன. அவை அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன்.

பிறகு ஈரத்துண்டால் அவன் முகத்தைத் துடைத்து, தலைவாரி, சுவரோடு சாய்த்து உட்காரவைத்துப் போனை நீட்டினேன். முகத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்து, கண்ணை இமைக்கச் சொன்னது. முத்துராணி உள்ளே வந்தபோது அவன் இமைகளை நான்தான் விரலால் மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

இமைப்பது பொய்யாகாது, ஐயா. ஒரே ஒரு தடவை. எனக்காக அதைக்கூட அவன் செய்யவில்லை.