ஐம்பத்து நான்கு அங்குலப் பின்பட்டை

என் பெயர் அர்ஜுனன், வயது ஐம்பத்து மூன்று, தகப்பனார் பெயர் பச்சையப்பன், உயிருடன் இல்லை. பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துக்கு வடக்கே நடுத்திட்டுக் குப்பத்தில் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். கதவு எண் கிடையாது. பிறந்த ஊர் அனுப்பம்பட்டு. தொழில் ஜீப் ஓட்டுவது. என்னை யாரும் பிடித்து வரவில்லை. என் ஜீப்புக்குப் பின்பட்டை, அதாவது பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை, மாற்றிக் கொடுத்த கிருஷ்ணனை நேற்றுக் காலை முதல் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பிலோமினா செத்ததற்கு அவன் காரணம் இல்லை என்று சொல்வதற்காக நானாகவே வந்தேன். குறுக்கே கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

நான் நடுத்திட்டுக்கு என் மனைவி ஜமுனாவைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஜமுனா ஆறு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். ஒருவனுடைய பாடு நாளில் அவன் வலைக்குக் குறுக்கே அடுத்தவன் போகக் கூடாது. எனக்குப் பாடு கிடையாது. பெண் கட்டிய வழியில் வந்தவனுக்கு அங்கே கொடுப்பதில்லை. அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. குறை இருக்கிறது, சொல்லவில்லை.

அதனால் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி, வண்டியின் உடம்பை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, புகைக்குழாயை மேலே ஏற்றி வைத்துக்கொண்டேன். கோடையில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும், இஞ்சின் படகு தரை தட்டும். அந்த நான்கு மாதமும் கரைக்கும் குப்பத்துக்கும் நடுவே கழி நட்டு வைத்த தடத்தில் என் ஜீப்தான் ஓடும். இறால் பெட்டி, கேஸ் சிலிண்டர், நோயாளி எல்லாம் அதில்தான். ஏறுவார்கள், போனைப் பார்ப்பார்கள், இறங்கிப் போவார்கள்.

பிலோமினா எனக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தவள், வயது நாற்பத்தேழு, கணவன் இல்லை. கையால் தடவி இறால் பிடிப்பாள். ஒரே மகள் எப்சிபா சென்னையில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் பிலோமினாவுக்கு இரண்டு கிட்னியும் போய், அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் பொன்னேரியில் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். அந்த இரண்டு நாளும் வாய் ஓயாமல் பேசுவாள். ஊர்க்கதை, மகள் கதை, நான் சட்டையைத் துவைக்கிற லட்சணம், எல்லாம் பேசுவாள். மற்ற ஐந்து நாள் யாராவது என்னிடம் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. இது வழக்குக்கு எதற்கு என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்கிறார். பட்டையை எதற்கு மாற்றினேன் என்று நீங்கள்தானே கேட்டீர்கள், எழுதுங்கள்.

என் ஜீப்பில் இருந்த பின்பட்டை நாற்பத்தாறு அங்குலம், ஏழு பட்டை கொண்ட கட்டு. பாரம் ஏற்றினால் நன்றாக இருக்கும், இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் அசையவே அசையாது, தூக்கித் தூக்கிப் போடும். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பிலோமினா வழியெல்லாம் வாந்தி எடுப்பாள். ஒருநாள், "இன்னாண்ணா ஜீப்பு இது, ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள எலும்பு தனித்தனியா கழண்டுக்கும் போலகீது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே நீளப் பட்டை போடுவது என்று முடிவு செய்தேன். பட்டை நீளமாக, எண்ணிக்கை குறைவாக இருந்தால் மெதுவாக வளையும், குலுக்கல் உடம்புக்கு வராது.

அதன் பிறகு திருப்பாலைவனம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் கிருஷ்ணனிடம் போனேன். அவன் இரண்டு கட்டு எடுத்துக் காட்டினான். ஒன்று ஐம்பது அங்குலம், ஆறு பட்டை. இன்னொன்று வேனிலிருந்து கழற்றியது, ஐம்பத்து நான்கு அங்குலம், ஐந்து பட்டை. "ஐம்பது போதும்ண்ணா, அதுக்கு மேல போனா அச்சு ரொம்பத் தொங்கும், ஷாப்ட் எட்டாது" என்று சொன்னான். ஷாப்ட் என்பது இஞ்சின் ஓட்டத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போகிற தண்டு. அது இரண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கும். நான் இரண்டு கட்டின் மேலும் ஏறி நின்று அமுக்கிப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு தலையணை மாதிரி அமுங்கியது. அதையே போடச் சொன்னேன். அவன் மறுபடியும் வேண்டாம் என்றான். "உன் ஜீப்பா என் ஜீப்பா, போடுடா" என்றேன். இந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளவும்.

வேலை செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் முடியும் என்று நினைத்தேன், பட்டை தாங்கியைப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்ததில் வியாழன் மாலை ஆகிவிட்டது. அதனால் பிலோமினாவுக்குச் செவ்வாய் டயாலிசிஸ் தவறியது. போனில் கேட்டதற்கு, "பரவால்லண்ணா, ஒரு தபா தானே" என்று சொன்னாள். வியாழன் மாலை கிருஷ்ணன் ஷாப்டைக் காட்டி, உள்ளே இரண்டு விரல் அளவுதான் பிடித்திருக்கிறது, லேத்தில் கொடுத்து நீளம் கூட்ட வேண்டும், சனிக்கிழமை வரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லி, சாவியைத் தராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் வெள்ளி, அதுவும் தவறக் கூடாது என்பதால் அவன் பையில் கைவிட்டு நான்தான் சாவியை எடுத்தேன். அவன் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடி வந்து, "பள்ளத்துல மட்டும் எறக்காதண்ணா, சக்கரம் தொங்கிச்சின்னா ஷாப்ட் உருவிக்கும்" என்று கத்தினான். எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணிக்குப் பிலோமினாவை ஏற்றினேன். முகமும் காலும் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கியது. ஆனாலும் கொஞ்ச தூரம் போனதும், "அய்ய, தெரியவே இல்லண்ணா, படகுல போற மாரி கீது" என்றாள். ஜமுனா போன பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அதன் பிறகு பாதி வழியில் தடத்துக்குக் குறுக்கே வலை கட்டியிருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு முனியன் பாடு. முனியன் தூரத்தில் படகில் இருந்தார். பிலோமினா, "வலை மேலயே வுடுண்ணா, முனியன் கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அவள் ஊர்க்காரி, அவள் சொல்லலாம். இருபத்தெட்டு வருடத்தில் நான் யார் பாட்டுக்குள்ளும் சக்கரம் வைத்தவன் இல்லை. வலையைச் சுற்றிப் போய்விடலாம் என்று தடத்தை விட்டுத் திருப்பினேன். அங்கே படகு போவதற்காக முன்பு தோண்டிய பள்ளம் இருந்தது. இருந்தது எனக்குத் தெரியும், அவ்வளவு கிட்டத்தில் என்று தெரியவில்லை. இடது பின்சக்கரம் இறங்கியது, நீளப் பட்டையானதால் இறங்கிக்கொண்டே போனது, பிறகு ஷாப்ட் உருவிக்கொண்டு சேற்றில் குத்திய சத்தம் கேட்டது. பழைய பட்டையாக இருந்தால் சக்கரம் அந்தரத்தில் நின்றிருக்கும், ஷாப்ட் கழன்றிருக்காது. முன்சக்கரம் மட்டும் சேற்றில் சுற்றியது.

கத்தினேன், எதிர்க்காற்றில் முனியனுக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு பிலோமினாவைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். "எறக்கி வுடுண்ணா, உனுக்கு மூச்சு வாங்குது" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. முனியன் பார்த்துவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றினார். கரைக்கு வரும் முன்பே உயிர் போய் உடம்பு கனத்துவிட்டது. முனியன் என்னைப் பார்த்து, "வலை கிழிஞ்சா தெச்சிக்குவேனே நைனா, யாரு உன்ன சுத்திப் போவச் சொன்னது?" என்று கேட்டு அழுதார். யாரும் சொல்லவில்லை.

கிருஷ்ணன் மேல் எப்சிபா கொடுத்த புகாரில் தவறு இல்லை. வண்டியை மாற்றியமைத்ததால்தான் அவள் தாய் செத்தாள். அதில் பெயர் மட்டும்தான் தவறு. பட்டையைத் தேர்ந்தெடுத்தது நான், சாவியை எடுத்தது நான், திருப்பியது நான். கிருஷ்ணன் மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னவன்.

கைது செய்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று ஐயா கேட்டார். என் வாயில் பிலோமினா பெயர்தான் வந்தது, ஏட்டு அதை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடித்துவிடச் சொன்னேன். அந்த இடத்தைக் காலியாக விடலாமா என்றேன், விடக் கூடாதாம். வேறு ஆள் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிருஷ்ணன் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். தகவல் அவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும், வாங்கிக்கொள்ள அவன் வீட்டில் இருக்க வேண்டும், ஆகவே முதலில் அவனை அனுப்பி வையுங்கள்.

எழுதியதை ஏட்டு உரக்கப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ப. அர்ஜுனன்